அயெபாவின் ஓட்டு

நைஜீரியாவின் அந்தக் கடலோர மாநிலத்தில் ஆளுநர் தேர்தலில் வெல்பவர், மாநிலத்திலேயே வசதி குறைந்த ஊரில் நான்கு வருடமும் குடும்பத்தோடு வாழ வேண்டும் என்பது சட்டம். இந்த முறை அந்த ஊர் அயெபா. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் படகில் மூன்று மணி நேரம்.

மொரெனிகேவுக்கு ஏழாம் மாதம். "எதிராளிக்கே போட்டுடு. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்று வேட்பாளரான அவள் கணவன் அடேவுன்மி காலையில் சொன்னான்.

"என் ஓட்டு என் இஷ்டம், தோலா அப்பா" என்று மூத்த பிள்ளையின் பெயரால் அவனை அழைத்துச் சிரித்தவள், பயத்தை விழுங்கிக்கொண்டு அவனுக்கே போட்டாள்.

மாலையில் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் அதிகாரிகள் வாக்குச்சீட்டுகளைத் தூக்கிக் காட்ட, வழக்கம்போல் ஊரே கூடிநின்று சத்தமாக எண்ணியது. அடேவுன்மி ஜெயித்துவிட்டான். ஆனால் அயெபாவின் இருநூற்றுப் பதினொரு வாக்குகளும் எதிராளிக்கே விழுந்திருந்தன.

மொரெனிகேவுக்குச் சுருக்கென்றது. "நாம வாழப்போற ஊருக்கே நம்மளப் பிடிக்கலையா?"

அங்கிருந்து போனில் பேசிய கட்சி ஏஜெண்ட் தயங்கினார். "பிடிக்காம இல்லம்மா. 'வாயும் வயிறுமா இருக்கற பொண்ணு, இங்க வந்து கஷ்டப்பட வேண்டாம்'னு பொம்பளைங்க வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்காங்க. படகுலயே பிள்ளையைப் பறிகொடுத்தவங்க அவங்க."

முகம் தெரியாத அந்தப் பெண்களை நினைத்து அவளுக்குக் கண் நிறைந்தது. அலமாரியைத் திறந்து துணிகளை எடுத்துவைக்கத் தொடங்கினாள்.

"உன்னை எப்படி அங்க..." என்றான் அடேவுன்மி.

"நான் வர்றேன். அயெபாவுல ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வேணும். உங்களுக்கு ரெண்டு மாசம் இருக்கு, கவர்னரே!"