லக்தருக்கு வந்த கட்டி

"ஏம்மா, நின்னுக்கிட்டே தூங்கறியா? முன்னால நகரு!"

பின்னாலிருந்து வந்த அதட்டலை யமீனா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அல்ஜீரியாவின் ஓரான் நகராட்சி அலுவலகம், மூன்றாம் ஜன்னல். மகளின் பிறப்புச் சான்றிதழில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அதைத் திருத்த இது ஐந்தாவது நடை. போன மாதம் வந்த நாலு தடவையும் குமாஸ்தா லக்தர் நாற்காலியில் சாய்ந்து, காபியை உறிஞ்சிக்கொண்டே, "நாளைக்கு வா" என்று விரட்டியிருந்தான்.

இன்று அதே லக்தர் எழுந்து நின்று முத்திரை குத்தித் தள்ளினான். ஒரு மணி நேரத்தில் முப்பது பேர். நின்றுகொண்டு யாரால் இழுத்தடிக்க முடியும்?

யமீனாவுக்கு முன்னால் நின்ற பெரியவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "எங்களுக்காக எழுந்து நிக்கிறியே மகனே! அல்லாஹ் உன்னை எப்பவும் இப்படியே வச்சிருக்கணும்!"

"யாரும் ஆமீன் சொல்லிடாதீங்க" என்று லக்தர் முனகினான்.

அடுத்து யமீனாவின் விண்ணப்பத்தை வாங்கியவன், 'தொழில்: நர்ஸ்' என்ற வரியைப் பார்த்ததும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான்.

"தங்கச்சி, வெளிய சொல்லிடாத. ஒரு கட்டி."

"எங்க?"

"சர்க்கார் எனக்கு ஒரு நாற்காலி குடுத்திருக்கே... அது படற இடத்துல."

யமீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "எத்தனை நாளா?"

"நாலு நாளா. ஆலிவ் காய் அளவுக்கு வந்திருச்சு. ஊசியால குத்தி விடறேன்னு மச்சான் நிக்கிறான்."

"மச்சானைக் கிட்டயே சேர்க்காதீங்க. குத்தவும் கூடாது, பிதுக்கவும் கூடாது, சீழ் உள்ள பரவிடும். வெந்நீர்ல துணியை முக்கிப் பிழிஞ்சு பத்து நிமிஷம் ஒத்தடம் குடுங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை. உங்க துண்டை வீட்ல வேற யாரும் எடுக்க வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, இன்னும் பெருசானாலோ டாக்டர்கிட்ட ஓடுங்க."

"குசுகுசுன்னு என்ன பேச்சு? காசு கைமாறுது!" என்று வரிசையில் ஒருவன் கத்தினான்.

"இவளை மாதிரி ஆளுங்களாலதான் நாடே நாசமாப் போச்சு!" என்றாள் இன்னொருத்தி.

யமீனாவுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷ வேலையில் ஒரு நோயாளியிடமும் அவள் பொய் சொன்னதில்லை, ஒருவரிடமும் காசுக்குக் கை நீட்டியதுமில்லை.

லக்தர் திருத்திய சான்றிதழில் முத்திரை குத்தி நீட்டினான். "ஒரு வாரத்துல ஆறிடும்ல? அப்புறம் பழையபடி சாய்ஞ்சு உட்காரலாம்ல?"

யமீனா திரும்பிப் பார்த்தாள். அவளைத் திட்டிக்கொண்டிருந்த வரிசை வாசலையும் தாண்டித் தெருவுக்குப் போயிருந்தது.

"ஆறிடும் அண்ணே" என்றாள். "ஆனா, திரும்ப வரக் கூடாதுன்னா, ரிட்டயர் ஆகற வரைக்கும் ஆபீஸ் நேரத்துல மட்டும் உட்காரவே கூடாது."