கலங்கல் கோடு

"நெஞ்சா கல்லா? புருஷனை வெள்ளம் கொண்டுபோய் நாலு நாள்கூட ஆகல, வேலைக்கு வந்துட்டாங்க பாரு!"

கணக்குப் பிரிவில் யாரோ முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை.

வீட்டில் மாமியாரும் நாத்தனாரும் மாறி மாறி அழுது ஓய்ந்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் எழுந்தாள், தலை வாரினாள், ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

ஆள் அண்டாத வெள்ளச் சமவெளியில் தண்ணீரின் தரத்தை அளந்து, ஆபீசுக்குத் தகவல் அனுப்பும் கருவியை வடிவமைத்தவள் அவள். நடுத்தண்ணீரில் இரும்பு மேடை போட்டு அதைப் பொருத்தியவன் அவள் கணவன். கருவியின் கண்ணாடியில் சேறு படிந்தால் அளவு தப்பாகிவிடும். அதற்காக, மணிக்கு ஒருமுறை தானே துடைத்துக்கொள்ளும் துடைப்பான் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தாள்.

அதை மாட்டப் போனபோதுதான் வெள்ளம் வந்தது. கவிழ்ந்த படகு கரை ஒதுங்கியது, அவன் ஒதுங்கவில்லை. ஆளை நீர் இழுத்துப் போயிருக்கும் என்று கீழ்ப்பக்கமெல்லாம் தேடியவர்கள் நேற்றோடு கைவிட்டார்கள்.

மேலாளர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"சொல்லலாமா வேணாமான்னு தெரியலம்மா. உன் துடைப்பான் வேலை செய்யுது. அவரு மாட்டிட்டுதான் போயிருக்காரு."

திரையை அவள் பக்கம் திருப்பினார். கலங்கலைக் காட்டும் கோடு மெல்ல ஏறுவதும், சட்டென்று இறங்குவதுமாக இருந்தது. சேறு படிகிறது; துடைபடுகிறது.

"நல்லது சார்" என்றாள், யார் வீட்டுச் செய்தியையோ கேட்டவள் போல.

"நேரம்தான் ஒழுங்கில்ல. பகல்ல இஷ்டத்துக்குத் துடைக்குது. இருட்டினா விடியற வரைக்கும் தொடறதே இல்ல. பேட்டரி நல்லாத்தான் இருக்கு, தகவலும் ராத்திரி பூரா வருது. சரி, அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீ வீட்டுக்குப் போம்மா."

அவள் போகவில்லை. திரைக்கு அருகே குனிந்தாள். நேற்று இரவு, முந்தாநாள் இரவு, அதற்கும் முந்தின இரவு. கோடு உச்சியிலேயே கிடந்தது. விடிந்ததும் இறங்கியது.

அவள் கண் நிரம்பி, திரையே கலங்கிப் போனது.

"என்னம்மா ஆச்சு?"

"படகு அனுப்பச் சொல்லுங்க சார்! மெஷின் ராத்திரியில தூங்காது... அவருதான் தூங்குவாரு!"