கட்டில் மேல் முட்டை

“வண்டி எப்படி இருக்குன்னு ஓட்டறவனைக் கேக்காதே…”

லாரிப் பட்டறையில் அப்பா இப்படி ஏதோ சொல்வார். மீதி குமரகுருவுக்கு ஞாபகம் வரவில்லை. உட்கார்ந்து யோசிக்கிற பொறுமையும் அப்போது இல்லை.

காரணம், மச்சான் சின்னண்ணன்.

“ஒடஞ்சு போச்சு மாப்ள! இந்த ஷாக்கும் ஆவாது.”

நாமக்கல்லில் மாதேஷ் பட்டறை வாசல். வேனின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான் சின்னண்ணன். உள்ளே கட்டில் மேல் முட்டை அட்டை. மஞ்சள் கரு விரிப்பெல்லாம் வழிந்திருந்தது.

ஜெர்மனியில் பல வருஷம் இருந்துவிட்டு, ‘அம்மாவைப் பாத்துக்கணும்’ என்று ஊருக்கே திரும்பி வந்தவன் குமரகுரு. வந்ததும் வாங்கியது இந்தப் பழைய வேன். உள்ளேயே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உண்டு. ஷாக் அப்சர்பர்தான் போயிருந்தது.

மாற்ற ஒரு காலைப்பொழுது போதும் என்று நினைத்தான். சின்னண்ணன் கூட வந்ததில் பொழுது சாய்ந்துவிட்டது. அவன் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிறவன். ஷாக் மாற்றினால், அட்டையைக் கட்டாமல் முட்டை வைத்து, சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு சுற்றுப் போய் வந்தால்தான் அவனுக்குத் திருப்தி.

முதலில் போட்டது மெத்தென்று போனது. ஒரு முட்டைகூட உடையவில்லை. ‘வளைவில் ஆடுது’ என்று குமரகுரு கழற்றச் சொன்னான். அதற்குப் பின் போட்ட கெட்டி ரகம் எதுவும் சின்னண்ணனுக்கு ஆகவில்லை.

“ரோட்டைப் புடிச்சுக்கிட்டு நிக்குது மச்சான். எனக்கு ஒரு குலுக்கலும் தெரியல.”

“நீ முன்னால உக்காந்திருக்கறே. கட்டிலு பின் சக்கரத்து மேலதானே இருக்குது?”

மாதேஷ் ஸ்பேனரைக் கீழே வைத்தார். “ஏனுங்க, ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் டீ குடிச்சுட்டு வாரேன்.”

குமரகுருவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“நான் என்ன கோழிப்பண்ணையா வெச்சிருக்கேன்? லடாக் போறேன், மச்சான்! பழைய ஃபிரண்ட்ஸோட, ரெண்டு மாசம்! மலை ரோட்டுக்குக் கெட்டியாத்தான் வேணும். உன் முட்டைய உன் லாரியில ஏத்திக்கோ!”

விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னண்ணனின் கை நின்றது.

“லடாக்கா?”

“ஆமா.”

“அப்ப இந்தக் கட்டிலு… அத்தைக்கு இல்லீங்களா?”

‘மாப்ள’ போய் ‘ங்க’ வந்திருந்தது.

“எந்த அத்தைக்கு?”

“உங்கம்மாளுக்குத்தானுங்க. இடுப்பெலும்பு முறிஞ்சு படுத்ததுல இருந்து ஊட்டை உட்டு எங்கயும் போகலீங்களே. ‘நான் படுத்துக்கிட்டே போறாப்புல எம்பையன் வண்டி வாங்கியிருக்கறான், கெங்கவல்லி வரைக்கும் போயித் தங்கச்சியப் பாத்துட்டு வந்துருவேன்’னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்குது. கட்டறதுக்குச் சேலைகூட எடுத்து வெச்சிருச்சு. குலுங்குனா தாங்காதேன்னுதான் நான் முட்டைய வெச்சு…”

முடிக்காமல் மறுபடி விரிப்பைத் துடைக்க ஆரம்பித்தான்.

மாதேஷ் வாயைத் துடைத்தபடி திரும்பி வந்தார்.

“எதை மாட்டறதுங்க?”

“முதல்ல போட்டுக் கழட்டினோமே, அந்த மெத்தானதை” என்றான் குமரகுரு.