வெள்ளிக்கிழமை சுட்ட பன்றி

மோசெல் அக்கா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"லாய்ட், போன மாசம் நீ சுட்ட பன்றிக்கறி எவ்வளவு மிச்சம் இருக்கோ, அத்தனையும் கொடுத்துடுப்பா."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. காலையிலிருந்து வீடு வீடாகப் போய் இதையே கேட்கிறாள் என்று என் மனைவிக்கு ஏற்கெனவே போன் வந்துவிட்டது. புருஷனைப் புதைத்த ஈரம் காயவில்லை, அதற்குள் இதென்ன கறிப் பைத்தியம்?

"குளிர்காலம் முழுக்க அதை நம்பித்தான் இருக்கோம் அக்கா. ரெண்டு பொட்டலம் வேணா எடுத்துக்கோ."

"அத்தனையும் வேணும்."

டெக்சாஸில், எங்கள் ஆற்றோரக் காட்டை எட்டுக் குடும்பம் சேர்ந்து வேட்டைக்குக் குத்தகை எடுத்திருக்கிறோம். மானுக்குப் போடுகிற சோளத்தைக் காட்டுப்பன்றிகள் வந்து மொய்க்கும். கண்ணில் பட்டதைச் சுடுவோம். யார் சுட்டாலும் கறியை அரைத்துப் பொட்டலம் கட்டி எட்டு வீட்டுக்கும் பங்கு போடுவது வழக்கம்.

அவள் புருஷன் வெல்டனும் எங்களில் ஒருவன். வேட்டைப் பரணில் ஏறி உட்கார்ந்தால் மூன்று நான்கு நாள் வீட்டை மறந்துவிடுகிற ஆள். அதனால் புதன்கிழமை போனவனை ஞாயிறுவரை ஒருவரும் தேடவில்லை.

ஏணியில் ஏறும்போது நெஞ்சடைத்து விழுந்திருக்கிறான். நாங்கள் போய்ப் பார்த்தபோது பன்றிகள் முக்கால்வாசி முடித்திருந்தன.

சவப்பெட்டியை ஆறு பேர் தூக்கினோம். ஒரு ஆளே போதும்.

பாவம், அவளோடு என்ன மல்லுக்கட்டு என்று ஃப்ரீசரைத் திறந்தேன். பதினோரு பொட்டலம் இருந்தது. கொண்டுவந்து வைத்தேன், கொஞ்சம் வேகமாகவே.

பொட்டலத்தின் மேல் எங்கே, என்றைக்கு, யார் சுட்டது என்று மையில் எழுதிவிடுவோம். கறி கெட்டிருந்தால் யாரைத் திட்டுவது என்று தெரிய வேண்டுமே.

அவள் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். அக்டோபரில் சுட்டது இரண்டு இருந்தது. அவற்றை என்னிடமே திருப்பித் தந்தாள்.

கறி கேட்டு வந்தவள் கறியை ஏன் திருப்பித் தருகிறாள்?

இன்னொன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். என் கையெழுத்துதான். ஓடைக்கரை, நவம்பர் பதினாலு, வெள்ளி, லாய்ட்.

"எங்க வீட்டுப் பங்கை நேத்துதான் எடுத்துப் படிச்சேன்" என்றாள்.

வெல்டனின் பரண் ஓடைக்கு அந்தக் கரையில். வெள்ளிக்கிழமை விடியும்போது அவன் அங்கே விழுந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நான் இந்தக் கரையில் நின்று சுட்டேன். பெரிய பெட்டைப் பன்றி, வயிறு முட்டத் தின்றிருந்தது. என் சோளத்தை எல்லாம் தின்று தீர்த்துவிட்டது என்று திட்டிக்கொண்டே குடலை உருவிக் கழுகுகளுக்கு வீசினேன்.

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அவர் பக்கத்துலயே குழி வெட்டச் சொல்லியிருக்கேன்" என்றாள் அக்கா. "கிடைச்ச வரைக்கும் அவரோட சேர்த்துடறேன்."

"சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா. நாங்க இதுல ஏற்கெனவே அஞ்சாறு பொட்டலம்..."

"நீங்க மட்டுமாப்பா?"

பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

வெல்டனைப் புதைத்த அன்று, அடக்கம் முடிந்ததும் சர்ச் கூடத்தில் சாப்பாடு. எங்கள் ஊரில் விதவை முதல் வாய் சாப்பிடாமல் மற்றவர்கள் தட்டைத் தொட மாட்டோம். மூன்று நாள் பட்டினி கிடந்தவளுக்கு அன்று அந்த ஓடைக்கரைக் கறியை வறுத்துப் போட்டது நான்தான்.

நன்றாயிருக்கிறது என்று இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினாள்.