பச்சைத் துணிக்கு அடியில்

"அசையாதீங்க சார்," என்றாள் டாக்டர்.

பச்சைத் துணிக்கு அடியில் மருத்துவமனைத் தலைவர் மூச்சை அடக்கிக்கொண்டார். புரை எடுப்பதற்காக ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. ஊசி போட்டதில் கண்தான் மரத்திருந்தது. காது நன்றாகவே கேட்டது. நாக்கும் சௌக்கியமாக இருந்தது.

அந்த நாக்கு நேற்று இரங்கல் கூட்டத்தில் பேசியதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

அவளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்து, பிறகு பக்கத்து மேசையில் கூடவே வேலை செய்த பெரியவர் போய்விட்டார். அவர் படத்துக்கு முன்னால் நின்று தலைவர் மூக்கை உறிஞ்சினார். தங்கமான மனிதராம். அந்தக் கை நடுக்கம் மட்டும் இல்லாதிருந்தால் எங்கேயோ போயிருப்பாராம்.



பெரியவரின் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. ஆபரேஷனில் ஒரு தையல்காரரின் கண்ணைக் கெடுத்தது தலைவரின் கை. பழியை நாசூக்காகப் பெரியவர் தலையில் கட்டிவிட்டார். அதற்கப்புறம் பெரியவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, இது தெளிவாக இருக்கிறதா, அது தெளிவாக இருக்கிறதா என்று கேட்டே காலத்தை ஓட்டினார். உண்மையை அவளிடம் மட்டும் சொன்னார். யார் நம்பப்போகிறார்கள், விடு என்றார்.

அவள் விடவில்லை.

தன் ஆபரேஷனைப் பயிற்சி மருத்துவர்கள் பார்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவரும் தலைவர்தான். பக்கத்து அறைத் திரையில் அத்தனை பேரும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு மேலே மைக் தொங்கியது. இப்போது அது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

"அந்தத் தையல்காரர் கண்ணைக் கெடுத்தது யார் கை சார்?"

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கண் காய்ந்துவிடாமல் சொட்டுச் சொட்டாக நீர் விட்டாள்.

"இப்பப் போய் என்னம்மா இதெல்லாம்? முதல்ல வேலையைப் பாரு."

"அவசரமே இல்ல சார்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால் விரல்கள் நெளியத் தொடங்கின. இத்தனை வருஷம் எல்லோரையும் உருட்டி மிரட்டிய குரல் உள்ளே போய் ஒளிந்துகொண்டது.

"என் கைதாம்மா. அவர்மேல போட்டுட்டேன். கண்ணை மட்டும் ஒண்ணும் பண்ணிடாதே."

"சத்தமா சொல்லுங்க."

சொன்னார். மைக் ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை.

அவளுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லாமல் இனித்தது. பெரியவர் இருந்து கேட்டிருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். எழுந்து துணியை விலக்கினாள்.

தலைவர் பதறிப்போனார். "அப்ப ஆபரேஷன்?"

அவள் கையுறையைக் கழற்றினாள். பதிலை நர்ஸ்தான் சொன்னாள்.

"அது அப்பவே முடிஞ்சிருச்சு சார். நல்லபடியா."

கத்திகளெல்லாம் கழுவும் தட்டுக்குப் போய் வெகுநேரமாகியிருந்தது. டாக்டர் அசையாதீங்க என்று சொல்வதற்கு முன்பே. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும்.