வேதமாணிக்கத்தின் பீடி

"இந்த வயசுல ஒரு பீடியை விட முடியலையா தாத்தா?"

டாக்டர் நவ்ரீன் கேட்டதும் வேதமாணிக்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து நாற்காலியில் அவர் சம்சாரம் சிலுவையம்மாள். காசிமேட்டில் மீன் விற்ற குரல் இப்போது விசில் மாதிரி கீச்சுக்கீச்சென்று வந்துகொண்டிருந்தது. பின்னால் மருமகள் ஜெனி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ரெண்டு மாசத்தில் மூணு தடவை ஆஸ்துமா இரைப்பு முற்றி அவளை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியாயிற்று. மூணாவது தடவை கிழவிக்கு உதடே நீலம் பாரித்துவிட்டது. உறிஞ்சுகிற ஸ்டீராய்டு மருந்தை டாக்டர் ரெட்டிப்பாக்கிப் பார்த்தார். மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம்தான் ஜெனி மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு கொட்டாங்குச்சியைக் கண்டுபிடித்தாள். உள்ளே பீடித் துண்டு ரொம்பி வழிந்தது. மாமா பொட்டிக்கடையில் பீடிக்கட்டு வாங்குவதை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். கேட்டதும், "என்னுதுதான்" என்று அவரும் ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் பாய் மாடிக்குப் போயிற்று. சோறும் மாடிக்கே போயிற்று. மூணாவது வீட்டுக்காரி வரைக்கும் அவரைக் கேள்வி கேட்டுவிட்டாள். கட்டினவளைக் கொல்லப் பார்க்கிறான் என்று தெருவெல்லாம் பேச்சு. சிலுவையம்மாள்தான் பாவம், அந்த நோஞ்சான் உடம்போடு தினம் ரெண்டு வேளை படியேறி, அவர் பீடி குடிக்கிறாரா என்று வேவு பார்த்துவிட்டு இருமிக்கொண்டே இறங்குவாள்.

அப்படியும் ஒன்றும் குறையவில்லை. இன்னைக்கு மறுபடி இரைப்பு.

டாக்டர் பக்கத்துத் தண்டையார்பேட்டைப் பெண். புரியும்படிதான் சொன்னார்.

"மூச்சுக்குழாய் சுவத்துல குட்டிக் குட்டியா செல்லுங்க இருக்கு தாத்தா. தூசு, புகை பட்டா அதுங்க கலாட்டா பண்ணும். வீங்கும், சளி கக்கும், குழாய் சுருங்கிடும். ஸ்டீராய்டு மருந்து, செல்லுக்குள்ள போற இன்ஸ்பெக்டர் மாதிரி. கலாட்டாவை நிறுத்துன்னு ஆர்டர் போடும். ஆனா ஆர்டரை நடத்திவைக்க உள்ளே ஒரு ஏட்டு இருக்கணும் இல்ல? பீடிப் புகை அந்த ஏட்டைத்தான் மொதல்ல படுக்கவைக்குது. அப்புறம் நான் எத்தனை இன்ஸ்பெக்டரை அனுப்பி என்ன பிரயோஜனம்?"

"நல்லா ஒறைக்கிறாப்ல சொல்லுங்க டாக்டரம்மா," என்றாள் சிலுவையம்மாள், மூச்சுக்கு நடுவே. "நாப்பது வருசமா சொல்லிகினு கீறேன்."

வேதமாணிக்கம் அவளை ஒரு பார்வை பார்த்தார்.

இப்படியே போனால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கிறேன், மாசாமாசம் ஊசி போட வேண்டியிருக்கும், அதுவும் கேட்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து செல்போன் அளவுக்கு ஒரு மெஷினை எடுத்தார்.

"இதுல ஊதுங்க. மூச்சுல எவ்வளவு புகை இருக்குன்னு காட்டும். பீடி குடிச்ச ஆள்னா நம்பர் பத்தைத் தாண்டும். இனிமே வாரா வாரம் வந்து ஊதணும். என்னை ஏமாத்த முடியாது."

வேதமாணிக்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. முன்பல் இல்லை, ஊத வராது என்றார். இன்னொரு நாள் வருகிறேன் என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்றுகூட சொல்லிப் பார்த்தார்.

"ஊதுங்க மாமா," என்றாள் ஜெனி, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஊதினார்.

டாக்டர் மெஷினைப் பார்த்தார். தட்டினார். துடைத்துவிட்டு இன்னொரு தரம் ஊதச் சொன்னார்.

"ரெண்டு," என்றார். "ரெண்டுன்னா... பீடியே தொடாதவங்களுக்குத்தான் இப்படி வரும்."

"மிசினு ரிப்பேரா இருக்கும்," என்றார் வேதமாணிக்கம் அவசரமாக.

டாக்டர் தானே ஊதிப் பார்த்தார். அவருக்கும் ரெண்டு. யோசித்துவிட்டு, மூச்சுக்குள் புகை எவ்வளவு போயிருக்கிறது பார்ப்போம் என்று சிலுவையம்மாள் பக்கம் நீட்டினார்.

"அவளுக்கு எதுக்குமா? அவளுக்கே மூச்சில்ல," என்று குறுக்கே கையை நீட்டினார் வேதமாணிக்கம்.

ஜெனி அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள். கிழவி இருமினாள், தண்ணீர் கேட்டாள், கடைசியில் வேறு வழியில்லாமல் லேசாக ஊதினாள்.

இருபத்தி மூணு.

ஜெனி எட்டி அந்த நம்பரைப் பார்த்தாள்.

"அத்தை?" என்றாள் ஜெனி.

சிலுவையம்மாள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ மீன் ஏலத்துக்கு விடிகாலைல நிப்பாம்மா," என்று வேதமாணிக்கம்தான் ஆரம்பித்தார். "கடல் காத்து, குளிரு. அப்ப வந்த பயக்கம். மருமவ வந்தப்புறம் தெரிஞ்சா மானம் போய்டும்னு பயந்துகினா. பொம்பள போய் பீடி வாங்கினா கடைல சிரிப்பானுங்க. அதான் நான்..." சட்டைப் பையிலிருந்து பிரிக்காத ஒரு பீடிக்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் ஒண்ணுகூட குட்ச்சது இல்ல. ஆனா வாங்கியாந்தது நான்தானே? பெரியாஸ்பத்திரிக்கு எய்தாதீங்கமா. திட்றதுன்னா என்னையே திட்டுங்க."

பீடியை விட்டால் கொஞ்ச நாளில் இதே மருந்து கேட்க ஆரம்பிக்கும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவே வேண்டாம் என்றார் டாக்டர், தாத்தாவை நிமிர்ந்து பார்க்க முடியாமல்.

சிலுவையம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். மேசையிலிருந்த பீடிக்கட்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு டாக்டரிடம் சொன்னாள்:

"பாத்தீங்களா டாக்டரம்மா? இந்த ஆளு ஒரே ஒரு நாள் வாங்கியார மறந்திருந்தா, நான் எப்பவோ வுட்டிருப்பேன்."