ஏழாவது ஹுவான்

"உசுரோட திரும்பி வந்துடுங்க." தொலோரெஸ் அழுதுகொண்டே தன் கணவர் ஹுவான் கிரெஸ்போவின் கழுத்தில் மாதா பதக்கத்தை மாட்டினாள். வாசலில் மற்ற ஹுவான்கள் இழவு வீட்டுக்குக் கிளம்பியவர்களைப் போலத் தலைகுனிந்து நின்றார்கள்.

மடுவில் இருக்கும் குவிஹே என்கிற குட்டிச்சாத்தான் லேசுப்பட்டதில்லை. முழங்கால் உயரம், முட்டைக் கண். துவைத்த துணியைத் திருடும், குளிக்கிற பெண்களின் காலை இழுக்கும். சான் ஹுவான் திருநாளன்று உச்சி வெயிலில், ஹுவான் என்று ஞானஸ்நானம் பெற்ற ஏழு பேர் சேர்ந்து வலை வீசினால்தான் அது அகப்படும். நாற்பது வருடமாக வீசுகிறார்கள்.

பழைய ஏழாமவர் போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த இடம் தச்சன் ஹுவான் தொமாஸுக்குக் கிடைத்தது. கிரெஸ்போவின் மகள் மிகாயெலாவை மூன்று முறை பெண் கேட்டு, மூன்று முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

"முதல்ல குவிஹேயப் பிடி. அப்புறம் பொண்ணு கேளு" என்றார் கிரெஸ்போ. மற்றவர்கள் சிரித்தார்கள். தொமாஸ் சிரிக்கவில்லை.

மடுக்கரையில் வலையை விரித்தவன் திடுக்கிட்டான். "பெரியவரே, நடுவுல இவ்ளோ பெரிய ஓட்டை!"

"அது எங்கப்பா காலத்து ஓட்டை. கை வைக்காதே."

குவிஹேக்கு இரை என்று வீட்டுப் பெண்கள் வறுத்துக் கொடுத்த பன்றிக்கறி வாழையிலையில் பரப்பப்பட்டது. ரம் குடுவை கைமாறியது. "பொறுமையா காத்திருக்கணும்" என்று சொன்ன கிரெஸ்போ, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விட்டார். தொமாஸ் ஓசைப்படாமல் ஓட்டையைத் தைத்தான்.

உச்சிப் பொழுதில், ஏப்பம் விட்டபடி ஏழு பேரும் சேர்ந்து வலையை வீசினார்கள். இழுத்தபோது கனத்தது. உள்ளே முழங்கால் உயரத்தில் ஒன்று, உடம்பெல்லாம் சேறு வழிய, முட்டைக் கண்ணை உருட்டிக்கொண்டு கீச்சிட்டது. ஆறு பேருக்கும் ஏறியிருந்த போதை அப்படியே இறங்கிவிட்டது.

"பிடிச்சுட்டேன்! சொன்ன சொல்லக் காப்பாத்துங்க, பொண்ணக் குடுங்க!" தொமாஸ் வலையைப் பிடித்தபடியே துள்ளிக் குதித்தான்.

கிரெஸ்போ இடுப்புக் கத்தியை உருவி வலையைச் சரக்கென்று கிழித்தார். குவிஹே ஒரே தாவலில் மடுவுக்குள் மறைந்தது.

"அடப்பாவி மனுஷா! அப்போ என் கல்யாணம்?"

"கல்யாணத்த நாளைக்கே வெச்சுக்கலாம் மாப்பிள்ளை. அதப் பிடிச்சுட்டா, அடுத்த வருஷம் வீட்ல என்னன்னு சொல்லிட்டுடா வர்றது?"